கடைசி டோக்கன்

காப்பிப் பழம் பறித்த மறுநாள் பொழுது சாய்வதற்குள் தோல் உரிக்க வேண்டும். விட்டால் மூட்டைக்குள்ளேயே புளித்துப் போகும். அன்றைக்கு என் பழம் ஒன்பது மூட்டை மாரமங்கலம் சங்கத்து வாசலில் கிடந்தது. மணி பத்தாகிவிட்டது, தோல் உரிக்கிற பல்பர் மெஷின் இன்னும் ஓடவில்லை.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. டோக்கன் வரவில்லை. ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டரில் பேரைத் தட்டி பட்டனை அமுக்கினால் நம்பர் போட்ட சீட்டு வரும், அந்த வரிசைப்படி பழம் ஓடும். அன்றைக்குப் பட்டனை அமுக்கினால் திரை வெள்ளையாக நின்றது. சுண்ணாம்படித்த சுவர் மாதிரி, ஒரு எழுத்துக் கூட இல்லை.

கையில் எழுதிச் சீட்டுக் கொடுத்தால் ஆகாதா? ஆகாது. அந்த விதி நான் போட்டது. போன வருசம் கிளார்க் மாதேஷ் கையில் எழுதிக் கொடுத்தான். அவன் மாமனார் பழம் மூன்று தடவை முதலாவதாக ஓடியது. நான் பொதுக்கூட்டத்தில் எழுந்து சத்தம் போட்டேன். சங்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். அதையும் நான் நம்பவில்லை. மூன்று விதி எழுத வைத்தேன். கையால் எழுதின சீட்டு செல்லாது. டோக்கன் போடுகிற பெட்டிக்கு இன்டர்நெட் மாதிரி வெளி லைன் கூடாது, எங்கேயோ உட்கார்ந்து எவனாவது நம்பரை மாற்றுவான். பெட்டியை அனுமதி இல்லாமல் தொட்டவனுக்கு அன்றைக்குக் கடைசி டோக்கன். பெட்டி இருக்கிற ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மாதேஷிடம், ஒன்று என் இடுப்பில்.

முத்தாயி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தவள் என்னைப் பார்த்தாள்.

“சூடேறுது.”

“ஏறட்டும். என்னைப் பாத்தா ஆறிப் போயிருமா?”

“நேத்து சாயங்காலம் கொடை நனைஞ்சு கெடந்துச்சே, அதை நெனச்சேன்” என்றாள். அதோடு மூட்டை வாயைக் கட்டினாள். என் பெண்டாட்டிக்கு வாய் நீளம். அது நீளாமல் நின்றால்தான் எனக்குப் பயம்.

பத்தரைக்கு ஏற்காட்டிலிருந்து திவ்யா ஸ்கூட்டரில் வந்தாள். டோக்கன் போடுகிற ஏற்பாட்டை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அப்பாவுக்கு அங்கே பஜாரில் கடை, சொந்த ஊர் சேலத்துப் பக்கம். நான் அவளோடு ரூமுக்குள் போனேன். ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதும் நான் சொன்னதுதான்.

“பார்த்தா என்ன புரியுமுங்க தாத்தா?” என்றாள்.

“நம்பர் புரியும். நீ வேலையப் பாரு அம்மணி.”

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டினாள். தட்டிக்கொண்டே பேசினாள். பெட்டியில் ஓடுவது லினக்ஸாம். டோக்கன் போடுவது ஸ்கிரிப்டாம். நாம் பட்டனை அமுக்கினால் பெட்டி அந்த ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து, இன்றைக்கு என்ன தேதி, யார் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்து நம்பர் போடும். எங்கேயாவது ஒரு வரியில் தடுக்கினால் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதுதான் வெள்ளைத் திரை.

முதலில் சங்கத்துப் பேரும் படமும் போட்ட பக்கத்தைத் திறந்தாள். வந்தது. புதிதாக ஒரே ஒரு வரியில் ஸ்கிரிப்ட் எழுதி அதைத் திறந்தாள். அதுவும் வந்தது.

“பக்கத்தைக் காட்டற சர்வர் நல்லாத்தான் இருக்கு. நம்ம டோக்கன் ஸ்கிரிப்ட்தான் பாதியில சாகுது” என்றாள். “எதுல தடுக்குச்சோ அதை லாக்குல எழுதி வெச்சிருக்கும்.”

அந்த லாக்கில் அன்றைய தேதியைப் போட்டுத் தேடினாள். ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து இருபது பேர் அமுக்கி இருபது தடவை வெள்ளை வந்திருக்கிறது, ஒரு வரி கூடப் பதியவில்லை. எழுத அனுமதி இருக்கிறதா என்று பார்த்தாள். இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். வெப் சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். வெள்ளை. மணி பன்னிரண்டு. வாசலில் இருபத்திரண்டு பேர் மூட்டை. மெஷின் ஓட்டுகிற ஆரோக்கியதாஸ் அதில் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியாகக் கத்தினான்.

“ஏனுங்க பெரியண்ணா, உங்க பெட்டிகிட்டக் கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க. மேல ஒரு சூடத்தையாச்சும் கொளுத்துங்க!”

“நீ போயி பெல்ட்டுக்கு எண்ணெய் போடுடா!”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை இடுப்புச் சாவியிலேயே இருந்தது.

திவ்யா சட்டென்று தட்டுவதை நிறுத்தினாள். பிறகு ஒரே ஒரு சின்ன வார்த்தையைத் தட்டினாள். ஒரு வரி வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். கடைசியில் 2015 என்று இருந்தது.

“இது என்ன அம்மணி, பத்து வருசத்துக்கு முந்திப் போயிருச்சு?”

“அதானுங்க தாத்தா. பெட்டி இன்னும் 2015ல ஒக்காந்துட்டு இருக்குது. சீசன் ஆரம்பிக்கவே இல்லைன்னு ஸ்கிரிப்ட் செத்திருக்கு. நான் முட்டாளாட்டம் இன்னைக்குத் தேதியில தேடிட்டிருந்தேன், இருபது வரியும் 2015ல கெடக்குது.”

“மாத்து அப்ப.”

“மாத்தறது அஞ்சு நிமிசம். ஏன் மாறுச்சுன்னு தெரியோணுமே” என்று எழுந்து வெளியே போனாள்.

வாசலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பெட்டி நேற்று சாயங்காலம் நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது. அதன் கடிகாரத்துக்கென்று உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்திருந்தால் வயரைப் பிடுங்கினதும் தேதி மறந்துபோகும். வெளி லைன் இருந்திருந்தால் வெளியே கேட்டுச் சரி பண்ணியிருக்கும், அது இல்லை. வயரை மட்டும் பிடுங்கியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் யாராவது வேண்டுமென்றே தேதியைத் தள்ளிவைத்து வரிசையில் பேரைச் செருகியிருந்தால், சங்கத்துப் பேர் நோட்டை வைத்து ஒவ்வொரு பேராக ஒத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும்.

“ரெண்டுல எது?” என்றார் தலைவர் ஜெயபிரகாஷ்.

“பெட்டி சொல்லாதுங்க. செஞ்சவங்கதான் சொல்லோணும்.”

எல்லோரும் மாதேஷைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“நான் நேத்து மூணு மணிக்கே பூட்டிட்டு கிளியூர் போயிட்டனுங்க. எங்க அக்கா ஊட்டுல கேளுங்க.”

“அக்கா வேற என்ன சொல்லுவா?” என்றது ஒரு குரல். “போன வருசம் மாமனாருக்கு எழுதினவன்தான? இப்பப் பெட்டியிலயே எழுதிட்டான்.”

ஜெயபிரகாஷ் சொன்னார். “மாதேசு, சாவிய வெச்சுட்டு ஊட்டுக்குப் போ. மீதிய கமிட்டியில பேசிக்கலாம்.”

நேற்று நாலு மணிக்கு இடி இடித்தது. சேர்வராயன் மலை இடி எப்படி என்று இங்கே இருப்பவனுக்குத் தெரியும். வீட்டில் டிவி வயரைப் பிடுங்கினேன். பெட்டி ஞாபகம் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு போய், கரண்டு போனாலும் ஓட வைக்கிற பவர் பெட்டியிலிருந்து அதற்குப் போகிற வயரையும் பிடுங்கினேன். இடி நின்றதும் மாட்டினேன், விளக்கு எரிந்தது, வந்துவிட்டேன். காப்பாற்றத்தான் செய்தேன். ஆனால் விதியில் எதற்காகத் தொட்டாய் என்ற கேள்வியை நான் எழுத வைக்கவில்லை.

பேசாமல் இருந்தால் மாதேஷ் போவான். அவன் போகட்டும் என்று ஒரு வருசமாக நினைத்தவன் நான். ஆனால் சாயங்காலம் வரை நோட்டு பார்த்தால் இருபத்திரண்டு பேர் பழமும் போகும். வாயைத் திறந்தால் என் பழம் மட்டும் போகும். முத்தாயி மூட்டையை விட்டு எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

மாதேஷ் சாவியை மேசையில் வைத்தான்.

“எடுடா அதை” என்றேன். “வயரைப் பிடுங்கினது நான்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இடி இடிச்சுது, பிடுங்கினேன். மறுபடி மாட்டினேன். வேற எதையும் தொடல. எனக்கு அதுல தட்டத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். அம்மணி, தேதியப் போடு. நேரம் ஆகுது.”

“விதி இருக்குதுங்களே பெரியண்ணா” என்றார் ஜெயபிரகாஷ், மெதுவாக.

“நான் எழுத வெச்சதுதான். எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம்.”

திவ்யா தேதியைப் போட்டாள். மாதேஷ் பட்டனை அமுக்கினான். சீட்டு வந்தது. ஒவ்வொரு பேராக வந்தது. என் சீட்டை வாங்கி முதலில் தேதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. நம்பர் இருபத்திரண்டு.

மீதிப் பகல் முழுக்க மெஷின் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் மூட்டை வாயை அவிழ்த்து நிழலில் கொட்டிக் கிளறினோம், மறுபடி கட்டினோம். மத்தியானத்துக்குக் கட்டி வந்த களியை முத்தாயி பிரிக்கவே இல்லை. நாலு மணிக்கு மூலை மூட்டையிலிருந்து கள் வாசம் வந்தது.

என் முறை வரும்போது மணி ஐந்தே முக்கால். ஆரோக்கியதாஸ் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டு மோந்து பார்த்தான். அவன் முன்பு பண்ணின கேலி ஒன்றும் இப்போது இல்லை.

“ஆறு ஓட்டலாமுங்க. இந்த மூணு ஆகாது. தொட்டியில ஊறுற எல்லாரோட கொட்டையும் கெட்டுப் போயிரும்.”

“தெரியும். ஓட்டு.”

மூன்று மூட்டையும் வாசலில் நின்றது. தோலோடு களத்தில் காய வைக்கலாம், என்ன வருமோ வரும். ஜீப்புக்குத் தூக்கக் குனிந்தேன். மறுமுனையை யாரோ பிடித்தார்கள். மாதேஷ்.

“உன்னை யார்ரா கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடலீங்க மாமா.”

மூன்றையும் ஏற்றினோம். அவன் கையைத் தட்டிக்கொண்டு ரூம் பக்கம் காட்டினான்.

“உங்க சாவியும் கமிட்டியில வெக்கச் சொல்றாங்களே. குடுப்பீங்களா?”

“குடுக்க மாட்டேன்.”

“அப்ப இடி இடிச்சா?”

“உனக்குப் போன் பண்ணுவேன். நீயும் வந்து நில்லு. ரெண்டு பேரும் சேர்ந்து பிடுங்கலாம்.”

அவன் சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை. ஜீப் கிளம்பும்போது, “மூட்டைய எண்ணிக்கோங்க மாமா” என்று கத்தினான்.

எண்ணினேன். மூன்று இருந்தது.