ஓரத்தில் மிஞ்சிய நீலம்

அருங்காட்சியகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டிச் சீர்செய்கிறவளை எல்லோரும் பசைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை. இயக்குநர் அறையிலிருந்து திரும்பி வந்த நீர்வண்ணப் படத்தின் சட்டத்தைக் கழற்றியபோதுதான் வந்தது கோபம்.

இருநூற்றைம்பது வருடப் பழைய படம். ஆற்றோரம் இரண்டு பெண்கள் துணி பிழிகிறார்கள். பின்னால் ஒருவன் கழுதையோடு மல்லுக்கட்டுகிறான். நாலு வருடம் முன்பு, “வெயில் படக் கூடாது” என்று எழுதி ஒட்டி அவள்தான் அனுப்பினாள். இயக்குநரோ தன் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார். இப்போது வானம் கழுவிவிட்ட தரைபோல் இருந்தது. ஒருத்தியின் சிவப்புச் சால்வை போன இடம் தெரியவில்லை. சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைத்த அட்டை மறைத்திருந்த விரலகல ஓரத்தில் மட்டும் நீலம் பளிச்சென்று கிடந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். “அடுத்த வாரம் கண்காட்சி. கொஞ்சம் நீலத்தைத் தீட்டி விட்டுடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும் சார்.”

“சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதே.”

“சின்ன விஷயமா? அந்தாள் வெயில்ல உக்காந்து வரைஞ்சிருக்கான். நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு அழிச்சிருக்கீங்க!”

அவர் முகம் கறுத்து வெளியேறினார். அவள் நேரே சட்டம் போடுகிறவரிடம் போனாள்.

“அண்ணே, சுத்தி வைக்கிற அட்டையில நடுத் திறப்பை இன்னும் அகலமா வெட்டுங்க. ஓரம் முழுக்கத் தெரியணும்.”

“வம்பை விலைக்கு வாங்குறே தங்கச்சி.”

“வாங்கிக்கிறேன். வெட்டுங்க.”

கண்காட்சி அன்று படத்தின் கீழே அவள் எழுதிய சீட்டு இருந்தது: ‘ஓரத்தில் இருப்பதே உண்மையான நிறம். மற்றது நான்கு ஆண்டுகள் இயக்குநர் அறை வெயிலில் போனது.’

கூட்டம் அங்கேயே மொய்த்தது. பள்ளி ஆசிரியை ஒருத்தி சீட்டை உரக்க வாசிக்க, பக்கத்தில் நின்ற இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. மதியத்துக்குள் சீட்டு கிழிந்தது. சாயங்காலத்துக்குள் பசைக்காரியை நிலவறைக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். மீதிப் படங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. சாவியும் அவளிடமே வந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டே நாளில் இயக்குநரின் உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “அம்மா, சார் ரூம் சுவர் காலியா இருக்காம். வேற படம் ஒண்ணு…”

“காலண்டர் வாங்கி மாட்டிக்கச் சொல்லுங்க!” என்று அவள் கதவை அறைந்து சாத்தினாள்.