இடது கால் விரல்கள்

...ஆபரேஷன் ஐந்து மணி நேரம் என்றார்கள், ஆறரை மணி நேரம் ஆகிறது, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகே வளைந்துவிடும் போலிருக்கிறது, சேச்சே, என்ன பேச்சு இது, நல்லவேளை மனசுக்குள்தான் சொன்னேன்... பக்கத்தில் மாடிவீட்டுக்காரி மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள், அவள் புருஷன் நாலாவது தடவையாக டீ வாங்கப் போயிருக்கிறான், யாரும் கேட்கவில்லை, அவனுக்கு நடக்க ஒரு சாக்கு. ஏழு வயதுப் பிள்ளை, பிறக்கும்போதே முதுகெலும்பில் ஒரு எலும்பு பாதிதான் உருவாகியிருந்ததாம், அந்தப் பாதியை எடுத்துவிட்டு, மேலும் கீழும் திருகு போட்டுக் கம்பி வைத்து நிமிர்த்துவார்களாம், பக்கத்திலேயே நரம்பு ஓடுகிறது, கண் விழித்ததும் இரண்டு கால் விரல்களும் அசைகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதை நானும் நின்று கேட்டேன், என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். இன்னொன்றும் சொன்னார், மூன்று வயதிலேயே கொண்டுவந்திருந்தால் சின்ன வேலையாகப் போயிருக்கும், இப்போது வளைவு கூடிவிட்டது என்று... அப்போது நான் ஏன் பெற்றவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்? மொட்டைமாடியில் சட்டையில்லாமல் தண்ணீரில் ஆடிய பிள்ளையின் தோள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான், நாலு வருஷமாகிறது, அன்றைக்கே எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன், தையல்காரியிடம் சொன்னேன், தபால்காரரைக்கூட விடவில்லை, பெற்றவளிடம் மட்டும்... அவளுக்குத் தெரியாமலா இருக்கும், நாம் போய்ச் சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று, எவ்வளவு நல்ல மனசு எனக்கு.

கதவு திறந்து நர்ஸ் வருகிறாள், முகத்தைப் படிக்கலாமென்றால் பாதியை முகமூடி மறைத்திருக்கிறது. "முழிச்சுட்டா. வலது கால் விரலை நல்லா ஆட்டுறா. இடது இன்னும் இல்ல, மயக்கம் முழுசாத் தெளியட்டும், பாக்கலாம்." பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம், அதையும் சொல்லிவிட்டுப் போனால் என்ன, போய்விட்டாள். மாடிவீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், ஜில்லென்று இருக்கிறது. "தினம் நான்தானேக்கா குளிப்பாட்டுறேன், எனக்கே தெரியலையே. நீங்க எப்பவாவது கவனிச்சீங்களா? தெருவுல எறும்பு நொண்டினாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடுமே." "இல்லம்மா, நான் எங்க கவனிச்சேன்," என்கிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது. ஆனால் நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க எல்லோரும் கிளம்பி வருவார்களே, எதிர்வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா, இவங்க அன்னைக்கே சொன்னாங்களே என்று ஒரு வார்த்தை... இடது காலும் அசைந்துவிட்டால் சந்தோஷத்தில் யாரும் பழசைக் கிளறமாட்டார்கள், அசையட்டும், சாமி, அந்தச் சுண்டுவிரலாவது அசையட்டும் என்று விடாமல் வேண்டிக்கொண்டிருக்கிறேன், யாருக்காக என்றுதான்...