மூலையைப் பிடித்து இழுக்கவும்

அனுஷாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பாள். சாலைக் கடைத்தெரு மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபுக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அதனால் இன்று, அங்கே டைப் அடிக்கும் தங்கபாய் அக்காவின் வேலை போகப் போகிறது.

விஷயம் இதுதான். 'அடுத்தவர்' பட்டனை அழுத்தினால் ஒரு நோயாளியின் விவரம் காட்டும் பேனல் போய் அடுத்தவருடையது வர வேண்டும். உள்ளே மாறிவிடும். திரையில் மட்டும் பழைய பேனல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோவின் மூலையை மௌஸால் கொஞ்சம் இழுத்தால்தான் புதியது தெரியும். ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று டீம் லீடர் சத்தியதாஸிடம் எப்போதோ சொல்லிவிட்டாள். அவனோ, அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று, 'மூலையைப் பிடித்து இழுக்கவும்' என ஒரு காகிதத்தை மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போனான். பெரிய மூளைக்காரன்!

நேற்றுக் காலை நோயாளிகள் நெரிசலில் தங்கபாய் ஒரே ஒரு தடவை இழுக்க மறந்தாள். திரையில் ஞானசிகாமணி என்று இருந்ததைப் பார்த்துக் கவரில் எழுதினாள். பிரின்டரில் வந்ததோ அடுத்த ஆளான அம்மிணியின் ரிப்போர்ட். அவசரத்தில் மடித்து உள்ளே வைத்தாள். மேலே இருந்த பெயரைக் கவனிக்காமல், சர்க்கரை முந்நூற்றிருபது என்பதை மட்டும் கண்ட ஞானசிகாமணி பயந்துபோய்ப் பட்டினி கிடந்து, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார்.

லேப் முதலாளி கோமதிநாயகத்திடம் சத்தியதாஸ் கூசாமல் அந்தக் காகிதத்தைக் காட்டினான். எழுதியே ஒட்டியிருக்கிறோம், இழுக்காதது இவர்கள் தப்பு என்றான். நாளை முதல் தங்கபாய் வர வேண்டாம் என்றார் முதலாளி.

அனுஷா காகிதத்தைப் பிய்த்துக் கசக்கினாள். "தப்பு எங்களோடதாக்கும் சார்."

சத்தியதாஸ் முறைத்தான். முறைக்கட்டும். பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துப் போட்டு, திருத்திய புரோகிராமை ஓட்டிக் காட்டினாள். பட்டனை அழுத்தியதும் பேனல் பளிச்சென்று மாறியது. முதலாளி தானே நாலு தடவை அழுத்திப் பார்த்தார். தங்கபாய் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா கையைப் பிடித்துக்கொள்வாள் என்று அனுஷா நினைத்தாள். தங்கபாய் ஃபிளாப்பியை எடுத்து அதன்மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அனுஷாவின் கையெழுத்தில் மூன்று வாரத்துக்கு முந்திய தேதி.

"இத்தன நாளும் இது உனக்க பையிலயா கெடந்து, மக்களே?"

சத்தியதாஸ் விடவில்லை என்று அனுஷா முனகினாள்.

"இண்ணைக்கு மட்டும் அவன் விட்டானாக்கும்?" என்று கேட்டாள் தங்கபாய்.