பின்சில்லின் சத்தம்

கிறிஸ்தோப்பருக்கு ஷெல் பட்டு ஒரு கால் போன பிறகு, மீன் விற்கும் வேலை அவருடைய மனைவி கலிஸ்ராவின் தலையில் விழுந்தது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது. நாயாற்றிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். பெட்டியைச் சுமந்துகொண்டு தண்ணீரூற்றுக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் மீன் பதங்கெட்டுவிடும்.

தண்ணீரூற்றில் ஊர்ச்சங்கம் ஒரு சைக்கிள் பட்டறை நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வின்சன், நெளிந்த றிம் ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"காசுக்கு விக்கிறேல்லை, தங்கச்சி. பழைய சைக்கிள் இருந்தாக் கொண்டு வாங்கோ, மாத்தித் தரலாம். இல்லாட்டி பின்னேரங்களில இஞ்ச வந்து வேலை செய்யுங்கோ. பழைய சாமான் குவியலில கிடக்கிறதை எடுத்து உங்கட சைக்கிளை நீங்களே பொருத்திப் பூட்டலாம்."

"என்னட்டைப் பழசும் இல்லை, அண்ணை. வேலை செய்யிறன்."

துரு தேய்த்தாள். ரியூபுக்கு ஒட்டுப் போடப் பழகினாள். ஒன்றில் சட்டம், இன்னொன்றில் ஹாண்டில், வேறொன்றில் பின்சக்கரமான பின்சில்லு என்று அவளுடைய சைக்கிள் மெல்ல மெல்ல உருவானது.

"ஆரின்ர சாமான் எண்டு மட்டும் கேளாதேங்கோ," என்றார் வின்சன். "கேட்டா ஓட மனம் வராது."

ஒரு குறை இருந்தது. பெடலை உழக்குவதை நிறுத்தினால் பின்சில்லு சத்தம் போட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. வின்சன் கழற்றி எண்ணெய் விட்டுப் பூட்டினார். சத்தம் போகவில்லை.

மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்த முதல் நாள், ஒரு குறுகிய மண் ஒழுங்கையில் உழக்குவதை விட்டுச் சைக்கிளை ஓடவிட்டாள். கிடுகு வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், கையில் தண்ணீர்ச் செம்போடு வாசல் படலைக்கு ஓடிவந்தாள். கலிஸ்ராவைக் கண்டதும் அப்படியே நின்றாள். செம்பு சரிந்து தண்ணீர் காலில் கொட்டியது. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாள் வாசலில் பாய் விரித்திருந்தது. சோற்றுக் கோப்பை ஒன்று மூடி வைத்திருந்தது. கலிஸ்ரா இறங்காமலே போய்விட்டாள். அதன் பிறகு அந்த ஒழுங்கையில் உழக்குவதை நிறுத்தாமலே கடந்தாள். சத்தம் வரவில்லை. அப்படியும் அந்தப் பெண் படலையில் நின்றாள்.

கடைசியில் கலிஸ்ராவே இறங்கினாள். "ஏனக்கா என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"உங்களை இல்லை, பிள்ளை."

அவள் பெயர் ஞானேஸ்வரி. முரசுமோட்டையில் நெல் செய்த குடும்பம். தொண்ணூற்றாறில் ஆமி வந்தபோது ஊரோடு ஓடிவந்தவர்கள். விட்டுவந்த மாடுகளைப் பார்த்து வருகிறேன் என்று சைக்கிளில் திரும்பிப் போன அவளுடைய கணவன் கணபதி பிறகு வரவில்லை.

"படலை தெரிஞ்சோடன உழக்கிறதை விட்டிடுவார். இந்தச் சத்தம்தான் முதல்ல வரும். நான் தண்ணி வார்க்கிறதுக்கிடையில ஆள் உள்ளுக்கு நிப்பார்."

அன்று பின்னேரம் கலிஸ்ரா, கேட்க வேண்டாமென்று சொல்லப்பட்ட கேள்வியை வின்சனிடம் கேட்டாள்: அந்தப் பின்சில்லு யாருடையது? அவர் நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தார்.

"விசுவமடுவுக்கு அங்கால, பற்றைக்குள்ள கிடந்த சைக்கிளின்ர சில்லு. சைக்கிள் மட்டும்தான் கிடந்ததாம்."

அதை அப்படியே ஞானேஸ்வரியிடம் போய்ச் சொன்னாள். அவள் அழவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தரச் சொன்னாள். பெடலைக் கையால் சுற்றிவிட்டு, சில்லு ஓயும்வரை கேட்டாள். மறுபடி சுற்றினாள். வெயில் சாய்ந்த பிறகும் சுற்றினாள். கலிஸ்ரா வெறும் பெட்டியில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கு யாரும் வருகிறார்களோ என்று வேலிக்கு அப்பால் ஒழுங்கையைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

"கழட்டித் தரட்டோ, அக்கா?"

"வேண்டாம். வீட்டில இருந்தா நான் விடியவிடியச் சுத்துவன்."

"அப்ப, இந்த ஒழுங்கையால வாறதை விடட்டோ?"

ஞானேஸ்வரி சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "விடுங்கோ," என்றாள்.

கலிஸ்ரா பெரிய றோட்டால் சுற்றிப் போகத் தொடங்கினாள். மாரி மழை தொடங்கிய நேரம் ஒட்டுப் போடப் பட்டறைக்குப் போனபோது, ஞானேஸ்வரி அங்கே நிலத்தில் உட்கார்ந்து ஒரு செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்டு பூட்டுறன்," என்றாள். "சனம் திரும்பிப் போகத் தொடங்கினா நானே போய்ப் பாக்கவேணும்."

கலிஸ்ரா பக்கத்தில் உட்கார்ந்து செயினின் மற்ற முனையைப் பிடித்தாள்.

அடுத்த ஆண்டு முரசுமோட்டைக்குச் சனம் போய்வரத் தொடங்கியதும் ஞானேஸ்வரியும் போனாள். திரும்பி வந்து கலிஸ்ராவைத் தேடிக் கடற்கரைக்கே வந்தாள். முகத்தில் புதுக் களை.

"கூரையில்லை. சுவரெல்லாம் ஓட்டை. ஆனா குசினிக்க அடுப்பெரிச்ச சாம்பல் கிடக்கு, பிள்ளை. பழசில்லை. மழை படாத சாம்பல். ஆரோ சமைச்சுச் சாப்பிட்டிருக்கினம்."

ஆமிக்காரராக இருக்கலாம், வழியில் ஒதுங்கிய யாராகவும் இருக்கலாம் என்று கலிஸ்ராவுக்கு வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே ஞானேஸ்வரி பானை சட்டிகளைக் கரியரில் கட்டிக்கொண்டு, முரசுமோட்டையில் தனியே குடியிருக்கப் போய்விட்டாள்.