செலவினம் 318

1

இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குப் பட்ஜெட் எழுதித் தரும் அலுவலகத்தில் நான் பிழை திருத்துபவன். பக்கத்து மேசையில் வெர்னா ஹாகென், இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். போன வெள்ளிக்கிழமை மதியம் சாண்ட்விச்சைப் பிரிக்காமலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் அவள் சொன்னதையெல்லாம் அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் முதலில் என் காற்புள்ளிகளைத் திருத்தியிருப்பாள்.

2

முதல் தொடக்கம்: ஆளுநர் பேனாவை எடுத்தார். அவர் உதட்டில் ஒரு குரூரமான

வேண்டாம். அந்த மனிதரை எனக்குத் தெரியும். [தெரியும் என்றால், லிஃப்டில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கோட்டில் நாய் முடி.] ஆயிரத்துச் சொச்சம் செலவினங்களைப் பத்து நாளில் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவருக்குக் குரூரத்துக்கு ஏது நேரம்?

இரண்டாவது தொடக்கம்: பெல் க்ரீக் ஊரில் நண்பகல் வீடு என்று ஒன்று இருக்கிறது. மனநோயோடு வாழ்கிறவர்கள் தாங்களே நடத்துவது. அங்கே நோயாளி என்று யாரும் கிடையாது, எல்லோரும் உறுப்பினர்கள். சமைப்பது, கூட்டுவது, மூன்று நாள் தலைகாட்டாதவருக்குப் போன் போடுவது எல்லாம் அவர்களே. செவ்வாய்க்கிழமை ஹாட்டிஷ் என்கிற அடுப்பில் சுட்டெடுக்கும் கறிப் பதார்த்தம் செய்வது ஆரின், வெர்னாவின் தம்பி, ஐம்பத்தொரு வயது. இருபது வயதிலிருந்து அவனுக்குக் குரல்கள் கேட்கின்றன. கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்குத் துண்டுகளை அணிவகுப்பு மாதிரி அடுக்குவான். ஒழுங்குப் பைத்தியம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு, அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

[இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சி. தாண்டிப் போனால் கதை புரியாது.]

எங்கள் ஆளுநர் எந்தச் செலவினத்தையும் கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் முழுதாக அடிக்க வேண்டும், பாதியை விட்டுப் பாதியை அடிக்க முடியாது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம். நோஞ்சான் செலவு ஒன்றை, யாரும் கைவைக்கத் துணியாத செலவோடு சேர்த்து ஒரே எண்ணில் போட்டுவிடுவோம். ஒட்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வீடு ஒன்பது ஆண்டுகளாக அரசு மனநல மருத்துவமனையின் கூரைப் பராமரிப்போடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது.

பட்ஜெட்டில் மனநலப் பகுதியை எழுதியவர் ஓய்வு பெற, இந்த ஆண்டு அது வெர்னாவிடம் வந்தது. தன் தம்பி சாப்பிடும் இடத்தைத் தானே ஒளித்துவைப்பது தில்லுமுல்லு என்று அவளுக்குப் பட்டது. பிரித்தாள். பெயர் போட்டு, தனி எண் கொடுத்தாள்: 318. பிழை ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டது நான்.

ஆளுநர் மனநலப் பகுதியில் நான்கு கோடுகள் போட்டார். மூன்றாவது கோடு 318-இன் மேல். இது மாவட்டங்களின் வேலை என்று காரணமும் எழுதினார். மாவட்டத்திடம் பணம் கிடையாது. நிதியாண்டு முடியும் ஜூன் முப்பதோடு வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

4

இந்த இடத்தில் ஆரினைக் கத்தவைத்தேன், தட்டுகளை உடைக்கவைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். அவனைப் பற்றி வெர்னா சொன்னபடியே தருகிறேன்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனாள். அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்டா. நான்தான் பிரிச்சுத் தனி நம்பர் போட்டேன்."

"எங்களோட பேரப் போட்டா?"

"ஆமா."

"காட்டு."

ஆளுநர் அடித்த பக்கத்தைக் காட்டினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்துகளை விரல் வைத்துப் படித்தான்.

"ஒம்பது வருஷமா எங்களக் கூரைன்னுதான் எழுதி வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டான். பிறகு, "அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்கக்கா. எங்கள எங்க பேர்லயே எழுதுனது நீதான்."

வெர்னா இதைச் சொன்னபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

அடித்ததைத் திரும்ப எழுத முடியுமா என்று கேட்டானாம். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் முடியும் என்றாள். அப்படியானால் எல்லோரும் வருகிறோம் என்றான்.

5

முடிவு (அ): ஜெயித்தது. எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்தது. ஆனால் தன்னைத் தேற்ற எழுதியது என்று வெர்னா கண்டுபிடித்துவிடுவாள்.

முடிவு (ஆ): தோற்றது. ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை ஆரின் தன் அறையில் தனியாக

இல்லை. என்னால் ஆகாது. இருவர் மேலும் எனக்குப் பிரியம் அதிகம்.

ஆகவே இப்படிச் செய்கிறேன். இன்று வியாழன். மேலவை தாண்டியாகிவிட்டது. கீழவையில் ஒரே ஒரு ஓட்டுக் குறைகிறது. அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். உங்கள் கட்சி 'வேண்டாம்' என்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறது. பக்கத்திலேயே பச்சையும் இருக்கிறது. பார்வையாளர் மாடத்தில் பெல் க்ரீக்காரர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் எண்ணிக்கைப் பலகையைப் பார்க்கிறார்கள், ஆரின் மட்டும் பார்க்கவில்லை. கீழே சுவரோரம் நிற்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைப் பார்த்தே தெரிந்துகொள்வானாம்.

அழுத்துங்கள்.