பிறந்த வீட்டுப் பெயர்

என் வார்டில் பேய் கிடையாது. நோயாளியோடு வருகிறவர்களிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவேன். தோபேகாவிடமும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

தோபேகா கூட்டிவந்தது தன் தம்பி மனைவி நோக்வாக்காவை. மாமனார் ஆற்றோடு போன நாளிலிருந்து நோக்வாக்காவுக்குப் பேச்சில்லை.

"எங்கப்பாவை முழுங்கின வாய் சிஸ்டர். இப்ப பூட்டிக்கிச்சு."

கிழவர் பெயர் ம்லாம்போ. ஆற்றுக்கும் எங்கள் பேச்சில் அதே சொல்தான். மாமனார் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. அதனால் ஆற்றை அந்த வீட்டு மருமகள்கள் 'ஈரம்' என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். வெள்ளம் கிழவரை இழுத்தபோது, மேலே ரோடு போட்டுக்கொண்டிருந்த வெளியூர் ஆட்களிடம் ஓடி, "ஈரம் பெரியவரைத் தூக்கிக்கிச்சு!" என்று கத்தியிருக்கிறாள். அவர்கள் சிரித்தார்களாம். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டியிருக்கலாமே என்று நானும் நினைத்தேன். பதறுகிற நேரத்தில் கை எங்கே நினைவுக்கு வருகிறது? அவர்களுக்குப் புரிவதற்குள் கிழவர் வளைவைத் தாண்டிவிட்டார்.

டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல. இருமினா சத்தம் கணீர்னு வருது பாருங்க. அதுக்காக நடிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. மனசு தாங்க முடியாததை உடம்பு வாங்கிக்கிட்டிருக்கு."

"நல்லா வாங்கிக்கிச்சு," என்றாள் தோபேகா. "ஊமை எப்படிப் புள்ள வளப்பா? இந்த மாசத்துக்குள்ள பேசலேன்னா லுலாமாவை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

லுலாமாவுக்கு நாலு வயது. அதைக் கேட்ட நோக்வாக்கா என் உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "போதும்மா, கிளம்பு," என்றேன்.

வாசல்வரை போன தோபேகா திரும்பினாள். "நோக்வாக்காங்கறது மருமகளா வந்தன்னைக்கு நாங்க வெச்ச பேரு. பொறந்த வீட்டுல இவ வுயெல்வா. வாயாடி வுயெல்வான்னா அந்த ஊருக்கே தெரியும்."

மறுநாள் மத்தியானம் முற்றத்து வெயிலில் அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். சும்மா சீண்டலாம் என்று, "என்னடி வுயெல்வா, வாயாடித்தனமெல்லாம் எங்க போச்சு?" என்றேன்.

"எங்கயும் போகல. யாரும் கூப்பிடல," என்றது ஒரு குரல்.

துண்டு என் கையிலிருந்து நழுவியது. பதினாறு வயதுப் பெண்ணின் குரல். மலைப்பக்கத்து இழுவை. மருமகள்கள் கட்டும் தலைத்துணியை மடியிலிருந்து எடுத்து, யாருடையதோ போல ஓரமாக வைத்தாள். பிறகு சட்டையைத் தூக்கித் தன் வயிற்றுக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இதுக்குள்ள யாரு குடியிருந்தா?"

பேச்சு வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப்போய், தோபேகாவுக்குப் போன் போட்டேன். அவள் குழந்தையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, அழகா இருக்கே! யாரு வீட்டுப் பாப்பா?" என்று கேட்டாள் வுயெல்வா.

லுலாமா திருதிருவென்று விழித்தது. வுயெல்வா அதை மடியில் போட்டுக்கொண்டு தன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள், பாட்டுப் பாடினாள், தவளை மாதிரி கத்திக் காட்டினாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. தோபேகா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், இது அவ கண்ணில்ல. எங்க வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"நோக்வாக்கா," என்றேன்.

பாட்டு பாதியில் நின்றது. அவள் மடியைப் பார்த்தாள். அடுத்த கணம் குழந்தையை வாரி நெஞ்சோடு இறுக்கினாள். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

நடந்ததை அவளிடம் சொன்னேன். மறைப்பது சரியென்று படவில்லை. மகளை அவள் அடையாளம் தெரியாமல் கேட்டதைச் சொன்னபோது, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தப் பெயரை இனி சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பேச்சு வேண்டாம், பிள்ளை போதும் என்கிறாள். சரி என்று தலையசைத்தேன். அழுகை வந்துவிட்டது.

தோபேகாவும் அழுதாள். "பேசாட்டிப் போ. நீயே வெச்சு வளத்துக்க. அக்கா வீட்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டோம். வீட்டுக்கு வா."

நோக்வாக்கா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மகளைத் தூக்கினாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த வார்டில் நான் பார்த்ததில்லை.

லுலாமா அம்மாவின் கன்னத்தைத் தட்டியது. உதட்டை விரலால் பிரித்துப் பார்த்தது. எத்தனையோ நாளாகப் பேச்சில்லாத அம்மாவோடு இருந்த குழந்தை. பிறகு அவள் காதோரம் குனிந்தது.

"வுயெல்வா," என்றது. "வா, பாடு."

நான் பாய்ந்து போவதற்குள் அந்தக் கைகள் தளர்ந்துவிட்டன. குழந்தை மெல்லத் தரையில் இறங்கியது. அவள் தலைத்துணியை உருவிவிட்டு, குனிந்து சிரித்தாள்.

"யாரு பாப்பா நீ?"

குழந்தை ஆசையாகத் தன் பெயரைச் சொன்னது.