இறால் அறையைத் தாண்டும் ஊர்வலம்

குளிரூட்டும் குழாய்க்குள் ஓடும் அமோனியா ஊர்வலமாகப் போக ஆரம்பித்த பிறகு, அதை நடத்திச் செல்லத் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் சூசைமிக்கேலை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். உப்பளத் தொழிலாளர்களை ஆயுள் முழுக்க வீதியில் நடத்தியவர். அவர் நடத்திய ஊர்வலம் ஒன்றுகூட வழியில் கலைந்ததில்லை. மேடையேறிப் பதவிக்குப் போனவர்களின் ஊர்வலம்தான் கலைந்தது.

அமோனியாவுக்கும் அதே ஒழுங்கைத்தான் கற்றுக்கொடுத்தார். முந்தாதே, பிந்தாதே. பள்ளிக்கூடம் வந்தால் கோஷம் வேண்டாம். சாவு வீட்டைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு மெல்ல நட. அமோனியா நல்ல தோழர். சொன்னதைச் செய்தது.

அன்று மத்தியானம் இறால் அறையில் குளிர் பிடிக்கவில்லை. எந்திரம் மூச்சு வாங்க ஓடிக் கரண்ட்டைக் குடித்ததே ஒழிய, கதவின் விளிம்பில் தண்ணீர் சொட்டியது. கதவருகே கவிழ்த்த கூடைமேல் அவர் தங்கை ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். உள்ளே கிடந்த இறால் முழுக்க அவளும் கூட்டாளிப் பெண்களும் ஏலத்தில் எடுத்தது. கெட்டுப்போனால் அத்தனை வீட்டிலும் அடுப்பு அணையும்.

"யண்ணே, ஊரையே நடத்துனேன்னு பீத்திக்கிடுவியே. ஒரு காத்தை நடத்த முடியலையா?"

"காத்து இல்ல பிள்ளே, தோழர்கள்."

"இறால் நாறிச்சுன்னா ஒந் தோழர்களையே திங்கச் சொல்லு."

எந்திரம் பார்க்கும் இசக்கிமுத்து குழாயைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அடிப்பக்கம்தான் பனி பிடிச்சிருக்கு. மேல்பக்கம் காஞ்சு கிடக்கு. ரொம்ப மெதுவாப் போறாவ. அதான் திரவமா இருக்கவ அடியில படுத்துட்டாவ, ஆவியானவ மேல போயி ஒக்காந்துட்டாவ. மேல்சுவர்ல இருக்க சூட்டை எடுக்க ஆளே இல்ல."

கீழே கிடப்பவன் கீழேயே, மேலே போனவன் மேலேயே. இதை எதிர்த்து அவர் எத்தனை துண்டறிக்கை அச்சடித்திருப்பார். குழாயில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏன் தோழர் இவ்வளவு மெதுவா?"

"சாவு வீடு," என்றது அமோனியா, தாழ்ந்த குரலில். "உள்ளே ஏகப்பட்ட பேர் கிடக்காங்க."

சூசைமிக்கேல் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். விதி அவருடையது. அதை மீறவும் அவரே சொல்ல வேண்டும். கதவில் இன்னொரு சொட்டு விழுந்தது.

"தோழர்களே, நீங்க துக்கம் காத்து நின்னா பிணம் அழுகிப்போகும். வேகமா நடங்க. அடியில இருக்கவங்க சுவர் பூரா ஏறிப் பரவுங்க."

"கோஷம் போடலாமா?"

"போடுங்க."

குழாய் அதிர்ந்தது. அடியில் கிடந்தவர்கள் சுவரெங்கும் ஏறினார்கள். மேல்பக்கமும் வெள்ளை பூத்துப் பனி குழாயைச் சுற்றி மூடியது. ஜெசிந்தா கூடையிலிருந்து எழுந்தாள்.

"ரொம்ப ஓட விட்டுராதீக அண்ணாச்சி!" என்று இசக்கிமுத்து கத்தினான். "ஆவியாகாம திரவமா எந்திரத்துக்குள்ள போனா எந்திரமே ஒடஞ்சிரும். அப்புறம் இறாலும் போச்சு."

சூசைமிக்கேல் குழாயின் கடைசிக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஆவியானவங்க மட்டும் தாண்டுங்க! மத்தவங்க சூட்டை வாங்கிட்டு வாங்க!"

எந்திரம் டக்கென்று ஒரு தட்டுத் தட்டியது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். மூவரும் அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. கதவில் தொங்கிய சொட்டு விழாமல் அப்படியே உறைந்தது.

ஜெசிந்தா உள்ளே போய் ஓர் இறாலை எடுத்துக் கதவில் தட்டிப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு. பொழச்சோம். போயி மூஞ்சியைக் கழுவு, பேயடிச்ச மாதிரி இருக்க."

அவர் காற்று வாங்க வெளியே வந்தார். அறையிலிருந்து வெளியேற்றப்பட்ட சூடு கிடங்கின் வாசலில் சம்மணமிட்டு மறியலில் உட்கார்ந்திருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் தள்ளிவிட்டார்கள் என்றது. பேச்சில் நியாயம் இருந்தது. அது நகர்ந்து இடம் விட்டது. அவர் துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது சூடு.